கைத்தொலைபேசியும் பஸ் காசும்: யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஜியோகேஷிங்

யாழ்ப்பாணமும் சென்னையும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. எந்த ஊரில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தாலும் கிழக்கு எண் 80 பாகையில்தான் தொடங்கும். வடக்கு எண் சென்னையில் 13, இங்கே யாழ்ப்பாணத்தில் 9. ஜியோகேஷிங்கில் இறங்குகிறவருக்கு இந்த எண்கள்தான் முதல். ஒருவர் சிறு பெட்டியொன்றை ஒளித்துவைத்து அதன் ஆள்கூறுகளை வெளியிடுவார். தேடிக் கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் திகதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. ஓரிரு நாளில் ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். அதுதான் இந்த விளையாட்டின் தொடக்கம். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் இரு நாட்டிலும் உண்டு. 2022இல் இலங்கை ரூபா சரிந்து டொலர் 200இலிருந்து 350ஐத் தாண்டியபின், கையடக்க ஜிபிஎஸ் கருவி இங்கே மாணவர் ஒருவரின் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆனால் அது தேவையும் இல்லை. சாதாரண அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி போதும். ஜியோகேஷிங் இணையத்தளத்தில் அடிப்படை உறுப்புரிமை இலவசம். சி:ஜியோ என்ற செயலியும் இலவசம். வீட்டிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் டேட்டா செலவே வராது. செய்மதிச் சமிக்ஞைக்கு யாரும் பணம் கேட்பதில்லை. சிம் இல்லாத பழைய போனிலும் அது வேலை செய்யும். இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கார்மின் இன்ரீச் போன்ற, செய்மதி வழியே செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுபோக வேண்டாம். அப்படிக் கொண்டுபோன வெளிநாட்டவர்கள் அங்கே விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

புதியவர் தடுக்கி விழும் இடம் எண்ணை வாசிப்பதில்தான். ஜியோகேஷிங்கில் ஆள்கூறு பாகையாகவும் தசமக் கலையாகவும் எழுதப்படும். கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. N 09° 45.000 என்றால் 9.75 பாகை. அதை 9.45 என்று வரைபடத்தில் தட்டினால் 33 கிலோமீற்றர் தெற்கே, குடாநாட்டுக்கே வெளியே போய் நிற்பீர்கள். அதேவேளை கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வித்தியாசம் இரண்டு மீற்றர்கூட இல்லை. கைத்தொலைபேசியின் பிழையே ஐந்தாறு மீற்றர் இருக்கும் என்பதால், கிட்டப் போனதும் திரையை மூடிவிட்டுக் கண்ணை நம்புவதே நல்லது.

பெட்டிக்கும் காசு தேவையில்லை. இங்கே வீட்டுக்கு வீடு கிடக்கும் சித்தாலேபத் தைலச் சிமிழ் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி மூடிக்கடியில் இட்டால் ஓரளவு மழை தாங்கும். சென்னையில் நகைக்கடைக்காரர் தோடு போட்டுத் தரும் சின்ன ஜிப் கவர், தாளைச் சுற்றி வைக்க அளவாக இருக்கும். பேனை வேண்டாம், பென்சில் வையுங்கள்; ஈரம் பட்டால் மை கரைந்து ஒரு பெயரும் மிஞ்சாது. இனிப்பு எதுவும் வைக்காதீர்கள். எறும்பு வரும், குரங்கு வந்தால் பெட்டியே போய்விடும்.

இதுவரை இரு நாட்டுக்கும் ஒரே கணக்கு. கல்லிடுக்கில் கையை விடும் இடத்தில்தான் பாதை பிரிகிறது.

வடக்கிலும் வன்னியிலும் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம், அடையாளம் தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்பது. போர் 2009இல் முடிந்தது. முகமாலைப் பக்கம் அதன் பிறகும் ஆண்டுக்கணக்காக மிதிவெடி அகற்றினார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எதைச் சொல்கிறது என்று அங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. அதே பிள்ளையிடம், பற்றைக்குள் போய்க் கல்லைப் புரட்டி, ஒளித்துவைத்த டப்பாவைத் திறந்து பார் என்று சொல்லும் விளையாட்டை எப்படிக் கொண்டுபோவது? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பிலும் கேட்பாரற்ற பொதியை யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. வடக்கில் போர் நடந்த நிலத்தில் பெட்டி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பாடம் இன்னும் எங்கள் பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது. ஒரு விளையாட்டுக்காக அதைத் தளர்த்த எவருக்கும் உரிமை இல்லை.

சென்னையில் சிக்கல் வேறு. ரயில் நிலையத்தில் கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு அங்கேயும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய தடை ஆள் நடமாட்டம். ஒரு சுவரோரம் இரண்டு நிமிடம் குனிந்து நின்றால் போதும், "என்ன சார் தேடுறீங்க, எதனா தொலைஞ்சிடுச்சா?" என்று நாலு பேர் கூடித் தேடத் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கேள்வி வேறுமாதிரி வரும்: "தம்பி எவடம்? ஆற்றை மகன்?" அங்கே பொருளை விசாரிக்கிறார்கள், இங்கே ஆளை விசாரிக்கிறார்கள். இரண்டுக்கும் உண்மையைச் சொல்வதே சிறந்த பதில். பெட்டி வைக்கப்போகிறவர் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் முன்கூட்டியே காட்டி, சம்மதம் வாங்கி, டப்பாவின்மேல் இது விளையாட்டுப் பெட்டி என்று தமிழிலும், இலங்கையென்றால் சிங்களத்திலும், எழுதிவிட வேண்டும். கடையில் எதையாவது வாங்கினால்தான் பெட்டி என்ற நிபந்தனை மட்டும் கூடாது. ஜியோகேஷிங் விதி அதை அனுமதிப்பதில்லை.

பெட்டியே இல்லாத வகை ஒன்றும் உண்டு. எர்த்கேஷ் என்று பெயர். 2004இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கத்தின் துணையோடு தொடங்கியது. குறித்த இடத்துக்குப் போய், பாறையையோ நீரையோ பார்த்து, கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. கையில் காசும் இல்லை, பெட்டி வைக்க இடமும் இல்லை என்ற எங்கள் நிலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வடிவமைக்க ஆள் வேண்டும், இடங்களுக்குக் குறைவில்லை. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு சுண்ணக்கல் கரைந்து உண்டானது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. சென்னையில் பரங்கிமலை சார்னோகைட் பாறை. இந்தியாவின் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று, புறநகர் ரயிலில் போய் இறங்கி நடக்கலாம். 1802இல் வில்லியம் லாம்டன் தன் மாபெரும் நில அளவையின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதும் அந்த மலையருகேதான். இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளிலும் சார்னோகைட் உண்டு. இரு நிலமும் ஒருகாலத்தில் கொண்டுவானா கண்டத்தில் ஒட்டியிருந்தவை. ஒரு கேள்வித்தாளை இரு கரைக்கும் பொதுவாக எழுதலாம்.

தேடப் போகும் இடங்களின் நுழைவுச்சீட்டில் இந்தியா எங்களுக்குத் தாராளம். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் சார்க் நாட்டவருக்கும் இந்தியருக்கும் ஒரே கட்டணம். தமிழ்நாட்டுக் காடுகளில் நிலைமை அப்படியில்லை. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2024இல் அரசு திறந்த 40 பாதைகளில் முன்பதிவும் வழிகாட்டியும் கட்டணமும் உண்டு. அங்கிருந்து இலங்கைக்கு வருகிறவருக்குச் சிவனொளிபாதமலை ஏற நுழைவுக் கட்டணம் கிடையாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சுற்றுலா வந்தவர்கள் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகளைப் பார்க்க உள்ளூரில் ஆள் இருப்பதில்லை. பராமரிக்க ஆள் இல்லாத பெட்டியை விதிகளும் ஏற்பதில்லை. தேடப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு உலர்ந்த தாளும் ஒரு ஜிப் கவரும் வைத்திருங்கள். நனைந்த தாளைக் கண்டால் மாற்றிவிட்டு, வைத்தவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெட்டியே இல்லையென்றால் புதிதாக ஒன்றை நீங்களாக வைக்காமல், இல்லை என்று பதிவு செய்யுங்கள்.