குமிழித் தூணும் மர பெஞ்சும்

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்கு அரசு எங்கே மையம் திறந்தாலும், மறுநாள் நாளிதழ்ப் படத்தில் ஒரு குமிழித் தூண் நிற்கிறது. ஆளுயரக் குழாய், உள்ளே தண்ணீர், அடியிலிருந்து குமிழி குமிழியாக எழும்பும், நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கத்தரிக்கோலும் கையுமாக அதிகாரிகள். பல்புலன் அறை என்று பெயர். அது வராத மாவட்டத்துக்காரர்கள் எங்களுக்கு எப்போது என்று கேட்கிறார்கள். சேவையை நடத்துகிறவர்களோ அந்தத் தூணையே முன்னேற்றத்தின் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை.

நடந்திருக்கும் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டம் வருவதற்கு முன், பத்து மாதமாகியும் தலை நிற்காத பிள்ளையைப் பார்த்து, "அவங்கப்பனும் இப்படித்தான், எல்லாம் லேட்டு" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். இன்று நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. 30 வகைக் குறைபாடுகளைத் தேடுகிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதுகிறது. பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் என எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ், காசில்லாமல். வளைந்த பாதத்தை நேராக்கியதையும், காது கேளாமையைக் காலத்தோடு கண்டுபிடித்ததையும் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் அந்த 'ஒரே கூரை' யாருடைய வசதிக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக் குழந்தை வாரத்தில் சுமார் 80 மணி நேரம் விழித்திருக்கும். மையத்தில் அதற்குக் கிடைப்பது, வாரம் தவறாமல் வந்தால், முக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் அம்மா மடியில், பாட்டி இடுப்பில், திண்ணையில், அங்கன்வாடிப் பாயில். உண்ணுவதும், கேட்பதும், அடம்பிடிப்பதும், முதல் சொல் வருவதும் அங்கேதான். அந்த 79 சொச்ச மணி நேரத்தை விட்டுவிட்டு முக்கால் மணி நேரத்துக்குக் கட்டடம் எழுப்புகிறோம்.

தென்மாவட்டம் ஒன்றில் ஒரு மையத்தின் வாசல் பெஞ்சில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாய். விடிந்தும் விடியாமல் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தவர். மூத்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார். அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போயிற்று. இரண்டரை வயது மகனை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். "உள்ள என்னம்மா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டேன். "தெரியலைங்க. பந்து மேல போட்டு உருட்டுவாங்க போல. சத்தம் கேக்கும்." ஏழு மாதமாக வருகிறாராம்.

பயிற்சி முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் தூக்குவாளியைத் திறந்து தயிர்சாதம் ஊட்டினார். மடியில் மல்லாந்த நிலையில், தலை பின்னால் தொங்க, வாயில் சோறு. ஒவ்வொரு வாய்க்கும் இருமல். சுவர் மூலையில் நிமிர்த்தி உட்காரவைத்து, சுருட்டிய பழம்புடவையை முதுகுக்கு அண்டக் கொடுத்து, முகத்துக்கு நேரே அமர்ந்து ஊட்டினால் பாதி இருமல் நிற்கும். விஷயம் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஏழு மாதத்தில் ஒருவரும் அந்தப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்ததில்லை. பார்க்க வழியுமில்லை, சாப்பாடு கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கிறது.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். அம்மா உள்ளே இருந்தால் பிள்ளை அழும், ஒத்துழைக்காது. சில பிள்ளைகளுக்கு அது உண்மை. அடுத்தது, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது: படிக்காத சனங்கள், தப்பாகச் செய்துவிடுவார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. 1969-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் இதே சிக்கல் வந்தது. பிள்ளைகள் கிராமங்களில் சிதறிக் கிடந்தார்கள். பயிற்சியாளர்கள் வாரம் ஒருமுறை வீடு தேடிப்போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையோடு அம்மாவும் உட்கார்ந்து கற்கிறார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் ஊர் ஊராக வீட்டுப் படி ஏறுகிறார்கள். இந்த இடங்களுக்கு அதிகாரிகள் போகாமலும் இல்லை. போய்ப் பார்த்துப் பாராட்டிவிட்டு, திரும்பிவந்து குமிழித் தூணுக்கு டெண்டர் விடுகிறார்கள்.

நம் அரசுக்கு வீடு தேடிப்போகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் கை கால் நீவிவிட ஆள் வருகிறது. அதே வீட்டில், அதே கட்டிலில் படுத்திருக்கும் பேரனுக்கோ பரிந்துரைச் சீட்டு. எழுபது வயதுக்காரருக்கு இல்லாத பஸ் பயணம் இரண்டு வயதுக்காரனுக்கு எதற்கு?

ஆள் பற்றாக்குறை என்ற வாதம் மட்டும் கனமானது. மாவட்டத்துக்கு ஓரிரு பயிற்சியாளர்கள். அவர்கள் ஊர் சுற்றினால் பாதி நாள் சாலையில் போய்விடும். சரி, மாதம் ஒருமுறை போகட்டும். நடுவில் தொடர்வதற்கு, மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறையை ஒன்றிய அரசே 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, செல்போன் செயலியில் பதிவேற்றியே ஓய்ந்துபோகும் அங்கன்வாடி டீச்சர் தலையில் இதையுமா என்றால், நியாயமான கேள்விதான். அதற்காக அந்தச் சுமையைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாயின் இடுப்பில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? புலன்சார் சிகிச்சைகளுக்கான சான்றுகள் குறைவு, முடிவானவையும் அல்ல என்று 2012-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்லிவிட்டது. தூண்களை விற்று டூவீலருக்குப் பெட்ரோல் போடுங்கள் என்பேன். கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பேசுகிறேன். குமிழியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் பிள்ளையை நானும் பார்த்திருக்கிறேன். சோப்பு நுரையை ஊதினாலும் அது அப்படித்தான் சிரிக்கிறது.

கோளாறு பயிற்சியாளர்களிடம் இல்லை. மேலிடத்தில் உட்கார்ந்து இந்தச் சேவையை நடத்துகிறவர் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எதைக் கேட்கிறாரோ அதுதான் கீழே நடக்கும். பரிசோதித்தது எத்தனை, பரிந்துரைத்தது எத்தனை, அளித்த அமர்வு எத்தனை என்று கேட்கிறார். அந்த அமர்வில் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த மாதமே கதவு திறந்துவிடும். வீட்டுக்குப் போனவர் யார், போய் என்ன மாற்றினார் என்று இன்னொரு கட்டம் போட்டால், பயணப்படிக்கும் எப்படியோ பணம் கிடைத்துவிடும்.

சில மாதம் கழித்து அதே மையத்துக்குப் போயிருந்தேன். காத்திருப்போர் வசதியில் கவனம் செலுத்தியிருந்தார்கள். மர பெஞ்சை எடுத்துவிட்டு ஸ்டீல் நாற்காலி, தலைக்கு மேல் புது ஃபேன், சுவரில் தாய்மார்களுக்காக ஒரு டிவி. ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே பந்து உருளும் சத்தமும் கேட்கவில்லை.