மேசைக்கு வந்த டிவி

43 அங்குல 4கே டிவி ஒன்றை மேசைமேல் ஏற்றிக் கணினியோடு இணைத்தால், நான்கு 21.5 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டர்களை நடுவில் சட்டமே இல்லாமல் சேர்த்துவைத்த இடம் கிடைக்கிறது. குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்சல். 1920-க்கு 1080 என்ற திரை இதில் சரியாக நான்கு அடங்கும். ஒரு பக்கம் எக்செல், பக்கத்திலேயே பிரவுசர், கீழே எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு, மூலையில் வாட்ஸ்அப் என எல்லாம் ஒரே பார்வையில் கிடக்கும். கணக்கு எழுதுபவர்களும் வீடியோ எடிட் செய்பவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இதற்குப் பழகிவிட்டால் சின்னத் திரைக்குத் திரும்ப மனம் வராது.

எல்லா டிவியும் இதற்கு ஒத்துவராது. வீடுகளில் பரவலாக இருக்கும் 32 அங்குல ‘ஹெச்டி ரெடி’ டிவியில் இருப்பது 1366-க்கு 768 பிக்சல்தான். அங்குலத்துக்குச் சுமார் 49. 43 அங்குல 4கேயில் அது 102. தமிழில் படிக்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: சின்ன எழுத்தில் ‘க்’ தலையில் இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ‘ண’வா ‘ன’வா என்று சுழியை எண்ணிப் பார்க்க முடிவதில்லை. சோபாவிலிருந்து படம் பார்க்கும்போது கண்ணில் படாத இந்தக் குறை, இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் தலைவலியாகிறது. எழுத்து வேலைக்கு இந்த ரகம் வேண்டாம்.

நல்ல டிவியும் இணைத்த மாத்திரத்தில் ஏமாற்றக்கூடும். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறதா? பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்த ஓவர்ஸ்கேன் வழக்கம் இன்னும் சில டிவிகளில் தொடர்கிறது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று செட்டிங்ஸில் இருப்பதை ஆன் செய்தால் முழுத் திரையும் வந்துவிடும்.

அடுத்தது நிறம். பெரும்பாலானவர்கள் டிவியை மூட்டைகட்டுவது இந்த இடத்தில்தான். வீடியோவில் இடத்தை மிச்சப்படுத்த, நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்ளும் முறை உண்டு, 4:2:0 என்பார்கள். சினிமாவில் யாருக்கும் அது தெரியாது. ஆனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கலங்கி வழியும். விண்டோஸ் எழுத்தின் விளிம்புகளை மெல்லிய நிறச் சாயலால்தான் மழமழப்பாக்குகிறது என்பதால், கறுப்பு எழுத்தும் கொஞ்சம் அழுக்காகிவிடும். ரிமோட்டை எடுத்து, கணினி செருகியிருக்கும் ஹெச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரையோ ஐகானையோ ‘பிசி’ என்று மாற்ற வேண்டும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். திரும்பும்போது அதே சிவப்பு எழுத்து கத்தரித்து எடுத்ததுபோல் நிற்கும். எல்ஜி, சாம்சங் இரண்டிலும் இந்த வழி உண்டு. கூடவே ஷார்ப்னெஸ்ஸையும், எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு மறையும்வரை குறைத்துவிட வேண்டும்.

மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் டிவியைத் திட்டுவதற்கு முன் லேப்டாப்பைப் பார்ப்பது நல்லது. ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். 60 வேண்டுமானால் 2.0 தேவை. மலிவான யுஎஸ்பி-சி அடாப்டர்கள் பலவற்றுக்கும் 30தான் எல்லை. டிவி பக்கத்திலும் எல்ஜியின் ‘டீப் கலர்’, சாம்சங்கின் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ ஆன் ஆகியிருக்க வேண்டும். மவுஸ் சீராக ஓடினாலும் கைக்குப் பின்னால் தாமதமாக வந்தால், படத்தை மெருகேற்ற டிவி செலவிடும் நேரம்தான் காரணம். கேம் மோடு போட்டால் சரியாகிவிடும்.

இடம்தான் பெரிய சிக்கல். இந்தத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். இரண்டடி ஆழமுள்ள சாதாரண மேசையில் வைத்தால் கழுத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் தாழ்வாக மாட்டி, மேசையைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூன்றடி விட்டு உட்கார்வது உத்தமம். விஏ பேனலாக இருந்தால் பக்கத்தில் உட்காரும்போது ஓரங்கள் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் அந்தத் தொல்லை குறைவு.

எல்ஜி 2022-இல் சி2 வரிசையில் 42 அங்குல ஓஎல்இடியைக் கொண்டுவந்ததும் கேம் ஆடுபவர்கள் அதை மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 4கேயில் 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஎம்ஐ 2.1, கரிக்கறுப்பு, விளையாட்டுக்கு அருமையான திரை. நாள் முழுக்க எழுதுபவருக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. வெள்ளைப் பக்கம் திரையை நிறைத்தால் வெளிச்சம் தானாகத் தணிகிறது. வெள்ளைக்கென்று தனி சப்பிக்சல் இருப்பதால் எழுத்தோரத்தில் லேசான நிறக்கோடு தெரிகிறது. அசையாமல் கிடக்கும் டாஸ்க்பார் காலப்போக்கில் தடமாகப் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. எழுத்து வேலை செய்பவர்களுக்குச் சாதாரண எல்இடியே போதும்.

கடைக்குப் போகிறவர்கள் லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். ஷோரூமில் ஓடும் டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து, இன்புட்டைப் ‘பிசி’க்கு மாற்றி, நாற்காலி போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கமாவது படித்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்லலாம்.