தோட்டத்துச் சைக்கிள்

சைக்கிளில் நான் மிகவும் வியப்பது வால்டியூப்பைத்தான். ஒரு விரற்கடை நீளமுள்ள ரப்பர்க் குழல், அவ்வளவே. வால்வுத் தண்டின் பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அதை மூடும்படி இந்தக் குழலை இறுக்கமாக ஏற்றிவிட வேண்டும். பம்பு அடித்தால் காற்று ரப்பரை நெகிழ்த்திக்கொண்டு உள்ளே போகிறது. போன காற்றே பிறகு ரப்பரைத் துளைமேல் அழுத்தித் தான் வந்த வழியை அடைத்துக்கொள்கிறது. அடைப்பதற்கென்று ஸ்பிரிங் எதுவும் கிடையாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்காயின் வெயிலில் அந்த ரப்பர் பிசுபிசுத்து இற்றுப்போகும். ராத்திரி கல்லாக இருந்த சக்கரம் விடியுமுன் சப்பையாகக் கிடக்கும். வால்வு நுனியில் எச்சிலைத் தொட்டு வைத்து, குமிழி எழுகிறதா என்று ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் குனிந்து பார்ப்பார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகிவிட்ட வேளையில் அந்தக் குமிழியைப் பார்ப்பதைவிட எரிச்சல் வேறில்லை.

அந்தக் குழல் எந்த மரத்தின் பாலோ, அந்த மரத்தைப் பாலுக்காக வெட்டத்தான் அவர்கள் சைக்கிளில் ஏறிப் போனார்கள். இதே பேராக்கில், கோலகங்சாரில், 1877-இல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-இல். டன்லப்பின் டயர் பிறக்கும் முன்பே மரம் இங்கே வளரத் தொடங்கிவிட்டது என்று நினைக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

பால்மரம் வெட்டுக்கு இருட்டோடு போயாக வேண்டும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால்தான் தோட்டத்துச் சைக்கிளுக்கு விளக்கு உயிர்நாடி. நெற்றியில் கட்டும் கார்பைட் விளக்கில் கட்டிமேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரியும். சைக்கிளில் இருப்பது டைனமோ. அதன் சின்ன உருளை டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும். 6 வோல்ட், 3 வாட். மிதிக்கிற காலின் பலமே வெளிச்சமாகிறது என்பது எத்தனை அழகு! ஆனால் மேட்டில் வேகம் குறையும்போது, பள்ளம் எது பாம்பு எது என்று தெரிய வேண்டிய அந்த இடத்தில், விளக்கு மங்கிப்போகும். மழையில் உருளை வழுக்கினால் அதுவும் இல்லை.

திரும்பும் பயணம் வேறு வகை. கேரியரின் இருபுறமும் பால் வாளிகள். பால் கெட்டியாகிவிடுமுன் நிறுவைக்குப் போய்ச் சேர வேண்டும். வேகமாகப் போனாலோ தளும்பும். நீர்ம பாரம் வளைவில் சைக்கிளைவிட ஒரு கணம் பிந்தித் திரும்பும், அந்தக் கணத்தில்தான் ஆள் விழுவது. செம்மண் தடத்தில் லோரிச் சக்கரம் விட்ட பள்ளங்களுக்கு நடுவே ஒரு சாண் மேட்டைப் பிடித்து ஓட்டிய பெண்களின் லாவகத்துக்கு ஈடாக எந்தப் பந்தய வீரரையும் என்னால் சொல்ல முடியாது.

கம்பி பிரேக்கைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் வழியே இழுப்பு இறங்கி, கவ்வி மேலெழுந்து, ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தின் உட்புறத்தில் பதியும். அறுந்துபோகக் கேபிள் இல்லை. வளைந்தால் கையாலேயே நிமிர்த்தலாம். தோட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பிரேக் இல்லை, மழை வரும்வரை. நனைந்த இரும்பில் கட்டை பிடிக்காது. பழகியவர்கள் வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி வளையத்து ஈரத்தை வழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிஜமாக அழுத்துவார்கள். கற்றுக்கொடுக்கப்படாமல் கைக்கு வந்த அறிவு அது.

டயர் இல்லாத வெறும் வளையத்தின் ஓசையையும் சுங்காய் வழியே போகும் கூட்டரசுச் சாலை கேட்டிருக்கிறது. 1942 ஜனவரியில் கம்பாரிலிருந்து சிலிம் ரிவரை நோக்கி ஜப்பானியப் படை இறங்கியது சுங்காய் வழியாகத்தான். மலாயாப் போரில் டயர் வெடித்த சைக்கிள்களை அவர்கள் வளையத்திலேயே உருட்டினார்கள். இரவில் அந்த இரைச்சல் டாங்கிகள் வருவதுபோல எதிரிகளை மிரட்டியதாகச் சொல்வதுண்டு.

இப்போது ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை. லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளியேறியவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஆனாலும் பழைய சைக்கிளில் சந்தைக்கும் வேலைக்கும் வருகிற முதியவர்கள் இருக்கிறார்கள். நெடுந்தூர வண்டிகளை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வாங்கிக்கொண்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளோ கூட்டரசுச் சாலையில்தான் வருகின்றன. உதிர்ந்த மட்டை முள் டயரில் ஏறும். லோரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் சைக்கிள்காரருக்காகப் பேசுவது பின் மட்கார்டின் வால்பகுதியில் பூசிய வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பிரதிபலிப்பானும் மட்டுமே. சேறு படிந்தால் வெள்ளையும் கறுப்புதான். அதைத் தவறாமல் துடைத்து வைக்கிறவர்களை நான் மனதார மதிக்கிறேன். அவர்களுக்காகக் கேட்பது இதுதான்: சுங்காய் வழிச் சாலையில், பீடோருக்கும் துரோலாக்குக்கும் இடையே, சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒரு ஹேண்டில்பார் அகலத்துக்காவது உடையாத தார் வேண்டும்.