சார்பு வாக்கியத்தில் ஒளித்த குற்றச்சாட்டு

ஆங்கிலக் கலப்பு வசனத்தைத் தலைமை வாக்கியம், சார்பு வாக்கியம் எனக் கூறுபடுத்துவது நமது வகுப்பறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் பயிற்சி. கூறுபடுத்திய மாணவன் புள்ளி பெறுகிறான். ஆசிரியன் அடுத்த வசனத்துக்குப் போகிறான். எது எதனோடு, எந்த நோக்கத்துக்காக இணைக்கப்பட்டது என்ற வினா எழுவதேயில்லை. விமர்சனம் தொடங்கவேண்டிய இடமோ அதுதான்.

ஜொனதன் சுவிப்ற் 1729இல் டப்ளினில் தம் பெயர் குறியாது வெளியிட்ட 'ஓர் அடக்கமான யோசனை' என்னும் பிரசுரத்தை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என வாதிடும் அங்கதம் அது. குழந்தையின் இறைச்சி சுவையானது என்ற கொடுஞ்செய்தி அங்கே தலைமை வாக்கியமாக வருவதில்லை. விடயமறிந்த நண்பரொருவர் தமக்கு உறுதிகூறினார் என்பதே தலைமை வாக்கியம். செய்தி அதனைச் சார்ந்து நிற்பது. மரியாதை முன்னே செல்ல, கொடுமை அதன் பின்னால் நுழைகிறது.

இதனினும் கூரியது நிலப்பிரபுக்களைப் பற்றிய வசனம். அவ்வுணவு சற்று விலை கூடியது, ஆதலால் நிலப்பிரபுக்களுக்கே ஏற்றது என்பது மேலோட்டமான கூற்று. 'நிலப்பிரபுக்கள்' என்ற பெயரோடு, பிள்ளைகள் மீது அவர்களுக்கே உரிமை அதிகம் என்னும் சார்பு வாக்கியம் ஒன்று வந்து ஒட்டுகிறது. அதன் வயிற்றினுள் காரணங்கூறும் இன்னொன்று: பெற்றோரை அவர்கள் ஏற்கெனவே விழுங்கிவிட்டார்களாம்! நூலின் முழுக் குற்றச்சாட்டும் இலக்கணப்படி மிகத் தாழ்ந்த இந்த இடத்திலேதான் இருக்கிறது. ஊரறிந்த உண்மைக்கு வாதம் எதற்கு என்பதுபோல், போகிறபோக்கில் அது சொல்லப்பட்டுவிடுகிறது.

தமிழிற் பெயர்ப்பவன் இங்கே இடர்ப்படுவான். நமது பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்பது. 'பெற்றோரை விழுங்கிய நிலப்பிரபுக்கள்' என்று தொடங்கினால் குற்றச்சாட்டு முன்வந்து மேடைப் பேச்சாகிவிடும், அங்கதம் செத்துவிடும். வசனத்தை வெட்டி, பிற்பகுதியை 'பெற்றோரை விழுங்கியவர்களும் அவர்கள்தாமே' என முடிப்பதே மேல் என்பது என் கருத்து. அந்தத் 'தாமே' ஆங்கிலச் சார்பு வாக்கியம் செய்யும் வேலையைச் செய்துவிடும்.

நூலின் பிற்பகுதியில் மெய்யான பரிகாரங்களும் வருகின்றன. நாட்டில் வாழாத உடைமையாளர் மீது வரி, உள்நாட்டுப் பொருள்களையே வாங்குதல் முதலியன யாவும், வேறு வழிகளைப் பற்றி எவரும் தம்மிடம் பேசவேண்டாம் என்ற ஒரே விலக்கிலிருந்து சார்புத் தொடர்களாய்த் தொங்குகின்றன. உள்நாட்டுப் பொருள்களை வற்புறுத்திச் சுவிப்ற் முன்னரே, 1720இல், ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அதற்காக அதனை அச்சிட்டவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.