வந்தியத்தேவனுக்கு ஒரு முகம்

நாவல் ஒன்றை வாசித்து முடித்த கையோடு, இதைப் படமாக எடுத்தால் இன்னாருக்கு இன்ன வேஷம் என்று மனத்துக்குள் பாத்திரப் பங்கீடு செய்து பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்த இருவரை ஒரு திண்ணையில் உட்கார வைத்தால் போதும். பத்திரிகையிலிருந்து வாரவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த அதன் ஐந்து பாகங்களையும் எங்கள் வீட்டில் கோடை விடுமுறைதோறும் முறை வைத்துப் படிப்போம். வந்தியத்தேவன் யார் என்ற வழக்கில் பாட்டி ஒரு நடிகரையும் சித்தப்பா வேறொரு நடிகரையும் நிறுத்த, தீர்ப்பாகாமலே விடுமுறை முடிந்துபோகும்.

அது வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதவில்லை. சித்தப்பா சொன்ன நடிகரைப் பாட்டி நிராகரித்தபோது, “வீரம் இருக்கு, சரி, மாட்டிக்கிட்டு முழிக்கிற முழி வருமா அவனுக்கு?” என்று கேட்டார். வந்தியத்தேவனின் ஜீவன் அவனுடைய வாள்வீச்சில் இல்லை, தன் வாயாலேயே அபாயத்தை வரவழைத்துக்கொண்டு அடுத்த கணமே ஒரு பொய்யைப் புனைந்து தப்பிக்கும் சுபாவத்தில் இருக்கிறது என்ற விமரிசனத்தைப் பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாள் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். பெரிய பழுவேட்டரையருக்கு ஒருவரைத் தேடுகிறவனும் அப்படியே ஒரு கேள்வியின்முன் நின்றாக வேண்டும்: அறுபத்துநான்கு விழுப்புண் தாங்கிய கம்பீரத்தையும், முதுமையில் ஓர் இளம் மனைவியின் மோகத்தில் கரைந்துபோகும் பலவீனத்தையும் ஒரே தேகத்தில் காட்டவல்லவர் யார்? விடை கிடைக்கிறதோ இல்லையோ, அந்தத் தேட்டத்தில் பாத்திரம் துலங்குகிறது.

ஆனால் நடிகரின் முகம் தனியாக வருவதில்லை. அவர் முன்பு ஏற்ற வேஷங்களையெல்லாம் சுமந்துகொண்டே வருகிறது. 1958-இல் எம்.ஜி.ஆர். இந்நாவலின் உரிமையைப் பெற்று, வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி முதலியோர் நடிப்பதாக அறிவித்தார், படம் கைகூடவில்லை. எடுக்கப்படாத அந்தப் படத்தைப் பார்த்தவர்போலவே என் பாட்டி பேசுவார். அதன்பின் அவர் படித்த குந்தவை கல்கியின் குந்தவையா, நடிகையின் சாயலா என்பதை அவராலேயே பிரித்தறிய முடிந்திராது. தொடராக வந்த காலத்தில் மணியத்தின் சித்திரங்கள் பாத்திரங்களுக்கு உருவம் தந்தன என்றாலும், கோட்டுச் சித்திரத்துக்குப் பூர்வ ஜன்மம் கிடையாது. அது கதையோடு பிறந்து கதையோடு நிற்கிறது.

பழகிய முகத்தையே நாடும் இந்தப் பழக்கம் கற்பனைக்கு வேலியாகவும் ஆகிவிடுகிறது. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலைப் படித்தவர்கள், தங்கையின்மேல் உயிரையே வைத்திருக்கும் முரடன் காளிக்கு, பெரும்பாலும் எதிர்மறை வேஷங்களிலேயே தோன்றிவந்த ரஜினிகாந்தை நினைத்திருப்பார்களா? 1978-இல் மகேந்திரன் நினைத்தார். அந்த முகத்தில் அதுவரை ஒருவரும் காணாத பாசம் வெளிப்பட்டது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் நாயக நாயகியருக்கே முகம் தேடுகிறோம். சேந்தன் அமுதனுக்குத் தேடுவதில்லை. தஞ்சையில் புஷ்ப கைங்கரியம் செய்துகொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு, ஒதுங்கி நிற்கும் அந்த ஏழைப் பிள்ளையே சிங்காதனத்துக்கு உரியவன் என்பது கதையின் இறுதியிலல்லவா வெளிப்படுகிறது! அங்கே ஒரு பெரிய நட்சத்திரத்தை நிறுத்தினால் முதற்காட்சியிலேயே ரகசியம் உடைந்துவிடும். சாமானிய நடிகரை நிறுத்தினாலோ இறுதியில் கிரீடத்தைத் தாங்கும் பலம் அந்த முகத்துக்குப் போதாது. நாவலின் கட்டுமானம் முழுவதும் இந்த ஒரு தேர்வில் தொங்குகிறது. எத்தனையோ கோடைகள் விவாதித்த எங்கள் திண்ணையில் அவன் பெயர் ஒரு முறையேனும் எழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

குரலையும் நாம் மறந்துவிடுகிறோம். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனின் கன்னமும் விரலும் கண்ணும் நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரத்தைப் பிரத்தியட்சமாக்கின. ஆயினும் அந்தப் பாத்திரத்தின் சரிபாதி, நாதஸ்வரம் வாசித்த மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சல்லவா?

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் இரண்டும் வெளிவந்தபின், வந்தியத்தேவனாக வந்த கார்த்தியின் குறும்பில் பாட்டி கேட்ட அந்த முழியைக் கண்டு நான் மகிழ்ந்தேன். பார்க்கத்தான் அவர் இல்லை. ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் ஊமை ராணி மந்தாகினியாகவும் தோன்றினார். உருவ ஒற்றுமையே கதைமுடிச்சாக இருக்கும் இடம் அது; நந்தினி அந்தச் சாயலைக் கொண்டே நள்ளிரவில் ஆவிபோல் வந்து சுந்தர சோழரை நடுங்க வைக்கிறாள். ஆகவே அங்கு முகத்தைத் தேடுவது கதையையே தேடுவதாகும். சொல்லால் மயக்கும் நந்தினிக்கு எத்தனையோ பெயர்கள் எனக்குத் தோன்றியதுண்டு. ஒரு வார்த்தையும் பேசாமல், காட்டிலும் கடற்கரையிலும் திரிந்து, அருள்மொழியைக் கண்ணாலேயே காத்து நிற்கும் மந்தாகினிக்கோ, அந்தப் படங்களைப் பார்த்த பின்பும் எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. இருவருக்கும் ஒரே முகம் என்பதால், நந்தினிக்கு நான் சேர்த்து வைத்த பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறேன்.