வினைமுற்றுக்கு முன்பே விலகும் வாசகர்

இணையத்துக்கு எழுதப் பழகுவது என்றால் இன்று பெரும்பாலும் ஒரே பாடம்தான். பத்தி சின்னதாக இருக்கட்டும். முக்கியமானது முதலில் வரட்டும். இடையிடையே துணைத்தலைப்பு போடு. மக்கள் கூகுளில் தட்டுகிற சொற்களைத் தலைப்பில் வை. செய்தித்தளத்தில் புதிதாகச் சேர்ந்தவரும், ‘கன்டென்ட் ரைட்டிங்’ வகுப்புக்குப் பணம் கட்டியவரும் இதைத்தான் கற்கிறார்கள். இதைக் கேலி செய்தால் இலக்கியக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கேலிக்கு முன், இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது நல்லது.

ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இவற்றின் மூல ஊற்றுகளில் ஒன்று. சோதனைக்கு வந்தவர்களில் 79 விழுக்காட்டினர் பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள்; சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர்தான். நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலாவைப் பற்றிய ஒரு பக்கத்தைப் பல வடிவங்களில் எழுதியும் பார்த்தார்கள். பாதியாகச் சுருக்கி, பட்டியலாகப் பிரித்து, தற்பெருமைச் சொற்களை நீக்கிய வடிவம் மூலத்தைவிட 124 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. நெப்ராஸ்காவில் எதைப் பார்க்கலாம் என்று தேடி வருபவருக்கு ஒரு விவரம் வேண்டும், கிடைத்ததும் கிளம்பிவிடுவார். விதி அவருக்காகப் பிறந்தது. பிறகு அது எல்லா வாசகருக்குமான விதியாகிவிட்டது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

விவரம் தேடி வருபவருக்காக எழுதும்போது இந்த விதிகளுக்கு இணை கிடையாது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, மாதம் 1000 ரூபாய் தனக்குக் கிடைக்குமா என்பதுதான் ஒரு பெண்ணின் கேள்வி. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மிகக்கூடாது, நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகக்கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. இதை நாலு வரியில் சொல்லி, எந்தக் காகிதங்களோடு எங்கே போக வேண்டும் என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ‘பார்வையில் காணும்’, ‘மேற்படி’ என்று வளரும் அரசாணை நடையிலிருந்து இந்த நாலு வரியைப் பிரித்தெடுப்பது சாமானியத் திறமை அல்ல. நம் எழுத்தாளர்கள் பலருக்கு அது வராது.

தமிழுக்கு வரும்போது விதி வேறொரு முட்டுச்சந்தில் நிற்கிறது. கண் இடப்பக்கத்து முதற்சொற்களில்தான் தங்குகிறது, ஆகவே முக்கியச் சொல்லை அங்கே வை என்கிறார்கள். நீல்சனின் நிறுவனம் 2006இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து வெளியிட்ட முடிவிலிருந்து கிளைத்த அறிவுரை இது. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்பக்கமே வந்துவிடும். நம் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. ‘உண்டு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் அங்கேதான் தெரியும். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்று பரவும் தகவல் உண்மையல்ல’ என்ற தலைப்பைக் கைபேசி அறிவிப்பு பாதியில் வெட்டினால், ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ மட்டும் மிஞ்சும். மழைக்கால இரவில் அது எத்தனை குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. செய்தியாளர் பொய் எழுதவில்லை. இலக்கணம் ஓரிடத்தில் முடிகிறது, திரை வேறிடத்தில் முடிகிறது. ‘விடுமுறை இல்லை: பரவுவது பழைய அறிவிப்பு’ என்று மாற்றிப்போட்டால் தீர்ந்தது. அச்சு நாளிதழின் பழைய துணை ஆசிரியர்கள் இடப் பற்றாக்குறையால் கற்ற வித்தைதான் இது. ஆங்கிலக் கையேட்டை அப்படியே பெயர்த்து நடத்தும் வகுப்பில் இப்படியொரு பாடத்துக்கு இடமே இருக்காது.

தமிழ்த் தளங்கள் கண்டுபிடித்த குறுக்குவழியோ ‘நடந்தது என்ன?’. எதை வேண்டுமானாலும் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இந்த இரண்டு சொல்லைச் சேர்த்தால் தலைப்பு தயார். விடுமுறை உண்டா என்று கேட்கும் கட்டுரை ஆறாவது பத்தியில், இன்னும் அறிவிப்பு வரவில்லை என்கிறது. முக்கியமானதை முதலில் சொல் என்ற விதியை, அதே வகுப்பில் படித்தவர்களே தலைகீழாக்கிவிட்டார்கள். பெட்டிக்கடையில் தொங்கும் மாலை நாளிதழ் போஸ்டரும் இப்படி ஆசைகாட்டியதுதான். ஆனால் ஏமாந்தவர் மறுநாள் காசு கொடுக்க யோசிப்பார். இங்கே சொடுக்கிய கணத்திலேயே விளம்பரம் எண்ணப்பட்டுவிடுகிறது. வாசகர் திட்டிக்கொண்டே போனாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கை ஆசிரியராக்கினால் அது எதைக் கற்றுத்தரும்? 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய அப்வொர்த்தி தளம், ஒரே கட்டுரைக்குப் பல தலைப்புகளை வாசகர்களிடம் சோதித்து வென்றதை வைத்துக்கொண்டது. நல்ல செய்திகளைப் பரப்புவதே அதன் நோக்கம். அந்தச் சோதனைகளின் 1,05,000 தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, சராசரி நீளமுள்ள தலைப்பில் கூடும் ஒவ்வோர் எதிர்மறைச் சொல்லும் சொடுக்கு விகிதத்தை 2.3 விழுக்காடு உயர்த்தியதாகக் கண்டது. இரண்டு விழுக்காடுதானே என்று விட முடியாது. தினமும் இருபது தலைப்பு எழுதி, மாலையில் எண்களைப் பார்த்து, மறுநாள் திருத்திக்கொள்ளும் இளைஞரின் கை ஒரே ஆண்டில் எந்தப் பக்கம் சாயும் என்பதை அது சொல்கிறது. யாரும் அவரைக் கெட்டவராக்கவில்லை. மதிப்பெண் போடும் முறை அப்படி.

இந்த விதிகளை மீறி வென்ற எழுத்துக்கும் தமிழிலேயே சான்று இருக்கிறது. எழுத்தாளர் ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 தொடங்கி 2020 வரை தன் இணையதளத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார். முடிந்தபோது 26 நாவல்கள். துணைத்தலைப்பு இல்லை, பட்டியல் இல்லை. நடையோ தனித்தமிழ்ச் சொற்கள் செறிந்தது, மேய்பவருக்கு இடமே தராதது. நள்ளிரவில் அத்தியாயம் வரும்வரை விழித்திருந்தவர்கள் இருந்தார்கள். இணையத்தில் யாரும் நீளமாகப் படிக்க மாட்டார்கள் என்ற வாதம் இங்கே நொறுங்குகிறது. ஆனால் இதை எல்லோருக்கும் வழி என்று காட்டுவது மோசடி. அவருக்கு அச்சில் ஏற்கெனவே பெயர் இருந்தது, தளத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த வாசகர் வட்டம் இருந்தது. பெயரில்லாத ஒருவர் அதே நீளத்தில் தொடங்கினால் மூன்றாம் நாள் அவருடைய நண்பர்கள்கூடத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே வெண்முரசு விதியைப் பொய்யாக்கவில்லை. விதி ஆளும் எல்லையைக் காட்டிவிட்டது. தினம் வரும் என்ற உறுதி, நேற்று விட்ட இடம், இன்னொரு வாசகரோடு பேச ஒரு விஷயம்: அந்த வாசகரை இழுத்தவை இவை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை நன்றாக அறிந்த இவற்றை எந்த இணைய எழுத்து வகுப்பிலும் பாடமாக நான் பார்த்ததில்லை.

நீல்சனின் நிறுவனமே 2017இல், கண் இடப்பக்கத்திலேயே தங்கி மேய்வது சரியாக வடிவமைக்காத பக்கத்தின் விளைவு, எழுத்தாளர் அடையவேண்டிய இலக்கு அல்ல என்று விளக்கம் எழுத நேர்ந்தது. வகுப்புகளின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இதற்குள் கூகுள் 2024 முதல் தேடல் பக்கத்தின் தலையிலேயே பதிலைத் தானே எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது. யாருக்குத் தொகை, என்ன ஆவணம், எப்போது கடைசி நாள் என்று கேட்பவர் இனி எந்தத் தளத்துக்கும் வராமலே போகலாம். இந்தப் பயிற்சி எந்த வாசகருக்கு மிகச் சரியாகப் பொருந்தியதோ அவரைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பவர், எழுதியவர் யார் என்று பார்த்துத் திறப்பவர். அவருக்கு எழுதுவதற்கான பாடத்திட்டம் இன்னும் யாரிடமும் இல்லை.