சேக்கிழார் காட்டும் முதுமை இல்லறம்

தமிழ்ச் செய்யுள் மரபிலே இளமைக் காதலுக்குக் கிடைத்த இடம் முதுமைக் காதலுக்குக் கிடைத்திலது. முதற் காட்சி தொடங்கிப் பரத்தையிற் பிரிவும் ஊடலும் ஈறாகப் பாடிய சான்றோர் பலர். நரை திரை எய்திய கணவனும் மனைவியும் ஒரு கூரையின்கீழ் எவ்வாறு வாழ்ந்தனர், எதன்பொருட்டுப் பிணங்கினர், எவ்வாறு இணங்கினர் என்பதைப் பாடியவர் மிகச் சிலரே. இலக்கண ஆசிரியர் இதனை மறந்தாரல்லர். தொல்காப்பியர் கற்பியலின் இறுதிப் பகுதியிலே, காமம் நிறைந்து கழிந்த கடைநாளிற் கிழவனும் கிழத்தியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்று விதித்தார். இவ்விலக்கணத்துக்குரிய இலக்கியம் எங்கே என்று தேடுவோர் பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. சுந்தரர் திருத்தொண்டத் தொகையிலே பெயரளவாற் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளில் விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் நாற்பத்து நான்கு செய்யுளிற் காவியமாக்கினார். ஈழத்துச் சைவப் பாடசாலைகளுக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தது ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம். 1939ஆம் ஆண்டிலே தியாகராஜ பாகவதர் நடித்த திரைப்படமாகவும் அது மக்களிடையே உலவியது. பாசிக்குடாவிலே கடல் நெடுந்தொலைவு ஆழமின்றிக் கிடத்தலின் முதியோரும் சிறுவரும் அஞ்சாது இறங்குவர். இவ்வரலாற்றையும் அத்தகைய எளிய நீர் என்றே பலர் கருதி இறங்குகின்றனர். சிறிது உட்செல்வார்க்கே அதன் ஆழம் புலனாகும்.

தில்லையிலே அடியார்க்குத் திருவோடு அளித்துவந்த குயவனார், இளமை மிகுதியாற் பரத்தை ஒருத்தியை அணைந்தார். மனைவியார் பிற பணிகளெல்லாம் வழுவாது செய்தும் உடனுறைவுக்கு இசைந்திலர். ஊடல் தீர்க்க அணுகிய கணவரை நோக்கி, எம்மைத் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அச்சொல்லிலுள்ள பன்மையைக் கொண்டு, மனைவியாரை மட்டுமன்றி மற்றெம்மாதரையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று நாயனார் உறுதி பூண்டார். அயலார் அறியாவண்ணம் இருவரும் ஒரே மனையில் வாழ்ந்து முதியராயினர்.

இவ்வரலாற்றை விரிப்போர் பெரும்பாலும் நாயனாருடைய புலனடக்கத்தையே போற்றுவர். முடிவில் இறைவனும் புலன்களை வென்றவர் என்றே அவர்களைச் சிறப்பித்தலின், அக்கருத்துத் தவறன்று. ஆயினும் அது முழுமையுடையதன்று. புலனடக்கமே பொருளாயின் நாயனார் காடு சென்று தவம் புரிந்திருக்கலாம். மனைவியார் பிறந்தகம் சென்றிருக்கலாம். சேக்கிழார் இருவரையும் ஒரு சிற்றில்லத்தின் உள்ளேயே நிறுத்துகின்றார். காலையிற் சக்கரம் சுழலவேண்டும். அடியார்க்கு ஓடு ஈயவேண்டும். அடுப்பிலே சோறு வேகவேண்டும். மனத்திலே நீங்காத புண் இருக்க, மனையறம் ஒருநாளும் குறையாது நடைபெறவேண்டும். இதுவே அவர்களுடைய தவம். ஆணையின் அருமையினும் ஆணைக்குள் நடந்த அன்றாட வாழ்வின் அருமையே பெரிது.

மனைவியாரின் சினத்தை ஆசிரியர் குறைத்துக் கூறவில்லை. அது மானம் பொறாமையால் எழுந்தது என்றே காரணம் காட்டுகின்றார். மட்டக்களப்பு வாசகர்க்கு இவ்விடத்திற் கண்ணகி நினைவுக்கு வருதல் இயல்பு. வைகாசியிலே எழுவான்கரை, படுவான்கரைக் கோயில்களிற் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவர் அவர். மாதவியிடம் சென்று மீண்ட கணவனைக் கண்ணகி கடிந்திலள். சிலம்பை எடுத்துக் கொடுத்தாள். அவள் சினம் பின்னர் மதுரையை எரித்தது. தில்லைக் குயத்தியாரின் சினம் வீட்டுக்குள்ளேயே எழுந்து வீட்டுக்குள்ளேயே எல்லை கண்டது. கண்ணகியும் கோவலனும் சேர்ந்து முதுமை காணும் பேறு பெற்றிலர், இவர்கள் பெற்றனர். வாய்திறந்து உரைத்த சினம், உரையாத சினத்தினும் இல்லறத்துக்கு ஏற்றது என்பதை இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்குவார் உணரலாம்.

முதுமையின் வருகையை ஆசிரியர் ஒரே செய்யுளிற் கூறி முடிக்கின்றார். உடல் தளர்ந்து சாய்ந்தது, இறைவன்பால் அன்பு சாயவில்லை என்பதே அங்குள்ள செய்தி. பல்லாண்டு வாழ்வுக்கு ஒரு செய்யுள் போதுமோ என்று வினவலாம். ஒருநாள் போலவே மறுநாளும் கழிந்த வாழ்வுக்கு அச்சுருக்கமே பொருத்தம்.

அவ்வீட்டின் வெறுமையை ஆசிரியர் வேறோரிடத்தில் வைத்துள்ளார். சிவயோகியாராய் வந்த இறைவன், தாம் அடைக்கலமாகத் தந்த ஓட்டைத் தாமே மறைத்துவிட்டு, அதனைக் களவு செய்திலையேல் உன் மகன் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்குக என்கின்றார். மகன் இல்லை என்பது நாயனார் விடை. அவர்க்குப் பிள்ளையில்லை என்பது இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. மட்டக்களப்பு வழக்கிலே மணமகன் மனைவியின் மனைக்கு வந்து வாழ்வான். மகள் மணம்பெற்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் அல்லது அயலிலே சிறியதொரு வீட்டில் ஒதுங்குவர். கொடுத்து ஒதுங்குதல் முதுமைக்கு ஒரு நிறைவு. தில்்லை முதியோர்க்குக் கொடுக்க மகளுமில்லை, மூழ்க மகனுமில்லை. ஒருவர்க்கொருவரே எஞ்சினர், அவரிடையேயும் ஓர் ஆணை நின்றது.

மறைபொருள் வெளிப்படும் முறையிலே ஆசிரியரின் புலமை சிறக்கின்றது. மனைவி கையைப் பற்றி மூழ்குக என்றபோது, எங்களிடையே ஒரு சபதம் உண்டு என்று மட்டும் நாயனார் யோகியாரிடம் கூறுகின்றார். தில்லைவாழ் அந்தணர் அவையிலே அதனையும் கூறாது, பொருந்தியவாறு மூழ்குவேன் என்று மட்டும் இசைகின்றார். குளக்கரையிலே மூங்கிற்றண்டின் இரு நுனியையும் இருவரும் பற்றி நிற்க, கையையே பற்றுக என யோகியார் வற்புறுத்திய பின்னரே பழைய நிகழ்ச்சி முழுவதையும் யாவரும் கேட்கச் சொல்கின்றார். தம் இளமைப் பிழையைத் தாமே ஊரறியக் கூறுகின்றார்; மனைவியார்மேற் குறையொன்றும் சொல்லவில்லை. நீரில் மூழ்குமுன்னரே நாயனார் தூயராயினார் எனல் பொருந்தும்.

அத்தண்டு மட்டக்களப்புக் கொம்புமுறி விளையாட்டை நினைப்பிக்கும். அங்கே கோவலன் கட்சியும் கண்ணகி கட்சியும் இரு கொம்புகளைக் கொளுவி இழுத்து, ஒன்று முறியும்வரை போட்டியிடும். தில்லைக் குளத்திலே தண்டு ஒன்றே, முனைகள் இரண்டு. இருவரும் இழுக்கவில்லை, ஏந்தினர். தொடாமையைக் காக்கும் அத்தண்டே இணைப்பாகவும் நின்றது. ஆணையின் இயல்பும் அதுவே. பிரித்ததும் அதுதான், பல்லாண்டு ஒரே வீட்டிற் பிணைத்து வைத்ததும் அதுதான்.

ஆயினும் காவியத்திற் குறை கூற இடமுண்டு. ஆணையிட்ட பின்னர் மனைவியார் ஒரு சொல்லும் பேசியிலர். அவர் பெயரையும் ஆசிரியர் உரைத்திலர். குளக்கரையிலே நாயனார் பழைய கதையைச் சொன்னபொழுது அம்மூதாட்டியின் முகம் எவ்வாறு இருந்தது? தம் ஆணை ஒரு வாழ்நாளை விழுங்கியதே என்று வருந்தினாரோ, பிழை ஒப்புக்கொள்ளப்பட்டதே என்று ஆறினாரோ? ஆசிரியர் அடியவர் வரலாறு பாடப் புகுந்தவர் என்று அமைதி கூறலாம். எனினும் இல்லறம் இருவர்க்கும் உரியது. ஒருவரின் நிறைவுரை மட்டும் கேட்கப்படுதல் காவியத்தின் நிறைவைக் குறைக்கின்றது.

மூழ்கி எழுந்தோர் இளமை பெற்றனர் என்பது வரலாற்றின் முடிவு. அதனை அருளின் வெளிப்பாடாகக் கொள்வார் கொள்க. இலக்கியமாக நோக்குவார்க்கு அதற்கு முந்திய கணமே உயர்ந்தது. நரைத்த தலையரான இருவர், ஊரார் காண, ஒரு தண்டின் இருபுறமும் நின்று, மறைத்த புண்ணைத் திறந்த கணம் அது. மட்டக்களப்பிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009வரை நீண்ட போரும் பல மனைகளை வெறுமையாக்கின. மக்கள் தொலைநாடு சென்றுவிட, இருவராய் எஞ்சிய முதியோர் பலர். அவர்களிடையேயும் பழைய பிணக்குகள் உண்டு. சொல்லாது விட்ட சொற்கள் உண்டு. இளமை அவர்க்கு மீளாது. எனினும் தண்டின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு, பிழை என்னுடையது என்று உரைக்கும் உரிமை அவர்க்கும் உண்டு. அதனை உணர்த்துதலாற் சேக்கிழாரின் இப்பகுதி அடியார் புகழ்ச்சியாக மட்டுமன்றி, முதுமை இல்லறத்துக்குத் தமிழ் தந்த அரிய இலக்கியமாகவும் நிலைபெறுகின்றது.